விம்பிள் துரையின் தொப்பி

கரட்டுத்துறைக் கோட்டத்தில் சப் கலெக்டர் பதவி பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைவதை முன்னிட்டு, அந்தப் பதவிக்குப் பிறந்தநாள் விழா எடுப்பது என்று மேலான கவனத்துடன் பரிசீலித்து முடிவு செய்தார்கள். மனிதனுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது உண்டு. கோயில் யானைக்கும் உண்டு. நாற்காலிக்குக் கொண்டாடியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கரட்டுத்துறையில் எப்போதும் நிலையாக இருந்தது அந்த நாற்காலிதான். உட்கார்ந்தவர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

பதவியின் வரலாற்றை எழுத, கோப்பு எழுதியே தலை நரைத்த வேலுமணியின் தலைமையில் குழு அமைத்தார்கள். குழு கண்டுபிடித்த வரலாறு இதுதான்: எட்வர்ட் விம்பிள் என்ற வெள்ளைக்காரத் துரை 1826இல் குதிரையில் வந்தார். வரி வாங்கினார். வெயில் பொறுக்காமல் நீலகிரி ஏறினார். மழை வந்ததும் இறங்கினார். மறுபடியும் வரி வாங்கினார். அடுத்து வந்த துரையும் வந்தார், வாங்கினார், ஏறினார், இறங்கினார். மூன்றாவது துரை ஏறியவர் இறங்கவில்லை. அவர் கல்லறை அங்கேயே இருக்கிறது. சுதந்திரம் வந்த பிறகு நிர்வாகம் தலைகீழாக மாறியது என்று வேலுமணி ஓர் அத்தியாயம் எழுதினார். அதன்படி குதிரை ஜீப்பாயிற்று. சலாம் வணக்கமாயிற்று. கோடையில் மலை ஏறுவது பயிற்சி முகாம் ஆயிற்று. மேசை மணியும், வெள்ளை உடுப்பில் சிவப்புப் பட்டை போட்டு முன்னால் நடக்கும் டபேதாரும் அப்படியே இருந்தார்கள். மனு மனுவாகவே இருந்தது.

இப்போதைய சப் கலெக்டர் கௌதமன் இளைஞர், நல்லவர். நல்லவர் என்பதால் காலத்துக்கு ஏற்ற சீர்திருத்தங்கள் எல்லாம் செய்திருந்தார். ஆபீசில் பஜ்ஜியை ஒழித்துக் கம்பு பிஸ்கட்டைக் கொண்டுவந்தார். வாசலில் 'ஐ லவ் கரட்டுத்துறை' என்று ஆளுயர எழுத்து நிறுத்தி, செல்ஃபி எடுக்க இடம் ஒதுக்கினார். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்கள் வெயிலில் நிற்கிறார்கள் என்று மனம் நொந்து, நிற்கும்போது வாசிப்பதற்கு வெயிலின் நன்மைகளைப் பற்றி ஒரு பலகை வைத்தார்.

அந்த வரிசையில் ஒரு திங்கட்கிழமையும் தவறாமல் நின்றவள் பூவாத்தாள். ஊஞ்சக்காட்டுப்புதூர் காலனியில் இருப்பவள். அவள் மருமகன் ஜெரோம், கரட்டுத்துறை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவன். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு தடம்.

காலனியிலிருந்து தார்ரோட்டுக்கு வர ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் வேலி, நடுவே ஒரு வண்டி போகிற அகலம். பரம்பரையாகக் காட்டு வேலைக்குப் போன ஜனங்களும், பிறகு பனியன் கம்பெனிக்கும் நர்சிங் படிப்புக்கும் போன அவர்கள் பிள்ளைகளும் நடந்தது அதில்தான். தென்னந்தோப்புக்கும் நார் மில்லுக்கும் சொந்தக்காரரான நஞ்சுண்டன் ஒரு நாள் அதன் வாயில் இரும்புக் கதவு போட்டு, மாசாணம் என்ற வாட்ச்மேனை உட்கார வைத்தார். கேட்டதற்கு, "தேங்காய் களவு போகுதுங்க" என்றார். அதுமுதல் காலனிக்காரர்கள் வாய்க்கால் கரையில் ஒற்றையடியாகச் சுற்றி நடந்தார்கள். ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ் வரவே வராது. போன ஐப்பசி மழையில் ஜெரோம் தன் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு அந்தச் சேற்றில் ஓடினான். கட்டில் ரோட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு உயிர் இல்லை.

இப்போது அவன் மனைவி இனியாவுக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. வலி கண்டதும் நேரம் கடத்தாமல் பெருந்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பூவாத்தாள் மனு கொடுத்தாள். 'ஆவன செய்யப்படும்' என்று செல்போனுக்குப் பதில் வந்தது. அடுத்த வாரமும் கொடுத்தாள். அடுத்த வாரமும் வந்தது.

இந்த நிலையில்தான், விம்பிள் துரை நடத்திய முதல் ஜமாபந்தியை விழா மேடையில் நடித்துக் காட்டுவது என்று கௌதமன் தீர்மானித்தார். ஜமாபந்தி என்றால் துரை நேரில் வந்து உட்கார்ந்து, ஊர்க் கணக்குப் பார்த்து, ஜனங்களிடம் மனு வாங்கும் சடங்கு. இன்றும் வருஷா வருஷம் நடக்கிறது. துரை வேஷம் கட்டத் தாசில்தார்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். வேலுமணி விதிப் புத்தகத்தோடு வந்து நடுவில் நின்றார்.

"சார்ங்க, தாசில்தார் ஒருத்தரு சப் கலெக்டர் சேர்ல உக்காந்தா அது கூடுதல் பொறுப்பு ஆயிப்போயிருமுங்க."

"நாடகம்தானே வேலுமணி?"

"நாடகமுன்னு நமக்குத் தெரியுமுங்க. சேருக்குத் தெரியாதுங்களே."

கௌதமன் யோசித்தார். "அப்ப யாருதான் உட்காரலாம்?"

"எந்தப் பதவியுமே இல்லாத ஆளா இருக்கோணுமுங்க. அவனை மேல ஏத்தவும் முடியாது, கீழ எறக்கவும் முடியாது. இங்கிலீசு மட்டும் பேசோணும்."

அப்படித்தான் ஜெரோம் துரையானான். சப் கலெக்டர் பக்கத்தில் நின்று பழகினால் தடத்தைப் பற்றி ஒரு வார்த்தை காதில் போட்டு வைக்கலாம் என்பது அவன் கணக்கு. ஒத்திகையின்போது போட்டும் வைத்தான். "நிச்சயமா பார்க்கலாம் ஜெரோம், விழா முடியட்டும். பிஸ்கட் எடுத்துக்குங்க" என்றார் கௌதமன். ஜெரோம் எடுத்துக்கொண்டான். அதில் சர்க்கரை இல்லை.

மனு கொடுக்கும் குடியானவள் வேஷத்துக்கு வேலுமணி வெளியே தேடவில்லை. நேராகத் திங்கட்கிழமை வரிசைக்குப் போனார்.

"ஏனுங்கம்மா, விழாவுல நீங்க நடிக்கோணுமுங்க."

"நடிக்கறதுன்னா என்னங்க பண்ணோணும்?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"வழக்கமாப் பண்றதுதானுங்க. கைகட்டி நிக்கோணும்."

வேலுமணி எழுதிய வசனப்படி அவள் மழை பொய்த்துவிட்டது என்று அழ வேண்டும். துரை "ஆவன செய்யப்படும்" என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் அப்படிச் சொல்லியிருப்பானா என்று கௌதமனுக்கே சந்தேகம் வந்தது. "அவுங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க சார்" என்று வேலுமணி பணிவோடு தெளிவுபடுத்தினார்.

நஞ்சுண்டன் பந்தலும் சாப்பாடும் தன்னுடையது என்று சொல்லிவிட்டார். பதிலுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: விம்பிள் துரையிடம் ஊர் வரி வசூலிக்கும் மணியக்காரராக இருந்தவர் தன் முப்பாட்டன் என்பதால், அந்த வேஷத்தைத் தானே கட்டுவார்.

விழா நாளில் உக்கடத்தில் வேஷச் சாமான் வாடகைக்கு விடும் கடையிலிருந்து சிவப்புக் கோட்டும் துரைமார் போடும் சோலாத் தொப்பியும் வந்து சேர்ந்தன. 1826இல் இந்த மாதிரித் தொப்பி உண்டா என்று கேட்ட குழு உறுப்பினரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஜெரோம் முகத்தில் ரோஸ் பவுடர் அப்பி, தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே வந்தான். அதுவரை "ஏப்பா ஜெரோமு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டபேதார் தன்னையறியாமல் அவன் முன்னால் நடந்தார். தாசில்தார்கள் எழுந்து நின்றார்கள். கௌதமனே பாதி எழுந்துவிட்டு, சுதாரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெரோமுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

நாடகம் தொடங்குமுன் நஞ்சுண்டன் தலையில் உருமாலும் தோளில் அங்கவஸ்திரமுமாக மைக்கைப் பிடித்தார். எதிரே முதல் வரிசையில் அவர் மனைவி கீதாவும் சம்பந்தி வீட்டாரும், சென்னையிலிருந்து வந்திருந்த உயர் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். "எங்க பாட்டங் காலத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் எங்க குடும்பத்துல ஒருத்தரும் தொரை சொல்லத் தட்டுனதில்லீங்க. அதுதானுங்க எங்களுக்குச் சொத்து" என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

பூவாத்தாளின் முறை வந்தது. மேடை வெளிச்சத்தில் வசனம் மறந்து போயிற்று. ஆனால் மனு கொடுக்க மறக்குமா? கை தானாகக் குவிந்தது.

"தொரைங்க, எங்க தடத்துல கதவு போட்டு அடைச்சுப்போட்டாங்க. என்ற புள்ள மாசமா இருக்கறா. வலி வந்தா வாய்க்கா மேல எப்பிடிங்க கூட்டிட்டுப் போறது? சம்பந்தியம்மாளக் கட்டலோட தூக்கிட்டு ஓடுனது பத்தாதுங்களா?"

"மழை, மழை" என்று வேலுமணி ஓரத்திலிருந்து கிசுகிசுத்தார். "ஆவன செய்யப்படும்" என்ற வசனத்தை ஜெரோம் ஒதுக்கிவிட்டு மணியக்காரர் பக்கம் திரும்பினான்.

"மணியக்காரரே!" என்றான்.

"தொரைங்க" என்று குனிந்தார் நஞ்சுண்டன்.

"அந்தக் கதவைப் போட்டது யாரு?"

நஞ்சுண்டன் நிமிர்ந்து பார்த்தார். கீழே நூறு செல்போன்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் மைக்கில் சொன்னது பந்தலில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பது போல் இருந்தது.

"நா... நாந்தானுங்க தொரை."

"நாளைக்குப் பொழுது கிளம்பறதுக்குள்ள அது திறந்திருக்கணும்."

"உத்தரவுங்க தொரை."

நாடகத்துக்காக 1826 என்று தேதி போட்டு வைத்திருந்த காகிதத்தில் ஜெரோம் உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டான். துரையின் குமாஸ்தாவாக நின்ற வேலுமணி, கண்ணாடிப் பெட்டியிலிருந்து அலங்காரத்துக்கு எடுத்து வைத்திருந்த ஆபீசின் நிஜப் பித்தளை முத்திரையை எடுத்துக் குத்தினார். காகிதத்தைக் கண்டால் குத்திப் பழகிய கை. சென்னை அதிகாரி எழுந்து நின்று கைதட்டி, "ஒரு நிமிஷத்தில் தீர்வு! இதுவல்லவா நிர்வாகம்!" என்றார்.

மறுநாள் பொழுது கிளம்பியது. கதவு திறக்கவில்லை. ஜெரோமும் பூவாத்தாளும் ஆபீசுக்கு ஓடினார்கள். நஞ்சுண்டன் அவர்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அதற்குள் நாடகத்தின் வீடியோ ஊரெல்லாம் சுற்றி, 'ஒரு நிமிடத்தில் தடம் திறந்த சப் கலெக்டர்' என்று புகழ் பெற்று, மேலிடத்திலிருந்து பாராட்டும் வந்துவிட்டது. கௌதமன் நன்றி தெரிவித்தும் ஆயிற்று. கூடவே, எடுத்த நடவடிக்கை பற்றி அறிக்கை கேட்டிருந்தார்கள்.

"சார்ங்க, அது நாடகமுங்க" என்றார் நஞ்சுண்டன்.

"நாடகம்தான். ஆனா பாராட்டு நிஜமா வந்திருக்கே. அதை எப்படித் திருப்பி அனுப்பறது?"

வேலுமணி முன்னால் வந்தார். "உத்தரவு செல்லுமுங்க சார். பந்தலு அரசு விழாப் பந்தலு. முத்திரை நெச முத்திரை. உக்காந்த ஆளு மட்டுந்தானுங்க பொய்யி. நம்ம ஆபீசுல ஆளு எப்பவுமே முக்கியமில்லீங்களே."

"அப்ப நான் அப்பீல் பண்றனுங்க."

"தாராளமாப் பண்ணலாமுங்க. உத்தரவுத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள்ள பண்ணோணும். தேதி ஆயிரத்து எண்ணூத்தி இருவத்தாறுங்க."

"தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேக்க முடியாதுங்களா?"

"கேக்கலாமுங்க, லண்டன்ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்ககிட்ட. ஆனா கம்பெனிய மூடிப்போட்டாங்கன்னு கேள்வி."

ஜெரோமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விதிப் புத்தகத்தை ஒரு தடவை தொட்டுக் கும்பிடலாம் போல் இருந்தது. "அப்ப கதவைத் திறக்கச் சொல்லுங்க சார்!"

"இருங்க தம்பி" என்று வேலுமணி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "நாளைக்குப் பொழுது கெளம்பறதுக்குள்ளன்னு தொரை உத்தரவு. அந்த நாளை எப்ப வந்துச்சு? இருநூறு வருசத்துக்கு முன்னால வந்துச்சு. அந்தக் காலத்து மணியக்காரரு தொரை சொல்லத் தட்டுவாருங்களா? மாட்டாரு. மொதலாளியே மைக்குல சொன்னாரு. அப்ப அன்னைக்கே தொறந்திருப்பாரு. ஆகவே தடம் இருநூறு வருசமாத் தொறந்தே இருக்குதுங்க."

"நான் இப்பத்தான் அந்தக் கதவைச் சுத்திக்கிட்டு வாறேன்!"

"அது உங்க அனுபவம் தம்பி. இது பதிவு."

கௌதமன் பெருமூச்சு விட்டார். நல்லவர்கள் விடுகிற பெருமூச்சு. மாலையில் பூவாத்தாளின் செல்போனுக்குச் செய்தி வந்தது: 'அன்புடையீர், தங்கள் மனு 1826ஆம் ஆண்டில் தீர்வு செய்யப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

இனியா வாசித்துக் காட்டினாள். "புள்ள பொறக்கட்டும், நட்சத்திரம் பாத்துச் சொல்றமுன்னு எழுதீரு கண்ணு" என்றாள் பூவாத்தாள்.

அந்த வாரமே ஒரு காலையில் இனியாவுக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் கதவுக்கு வெளியே வந்து நின்று அலறியது. ஜெரோம் ஓடிப் போய் மாசாணத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சினான். "எனக்கும் வெசனமாத்தானுங்க இருக்குது. மொதலாளி சொல்லோணுமே" என்றார் மாசாணம். நஞ்சுண்டன் போனை எடுக்கவில்லை. ஜெரோமின் கண்முன் அந்தக் கட்டிலும் சேறும் வந்து நின்றன. வீட்டுக்குத் திரும்பி ஓடினான். உக்கடத்துக் கடைக்குத் திருப்பித் தராத கோட்டும் தொப்பியும் ஆணியில் தொங்கின. லுங்கிமேல் கோட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, மறுபடி கதவுக்கு ஓடினான்.

இந்தத் தடவை அவன் கெஞ்சவில்லை. "கதவைத் திற" என்றான்.

மாசாணம் துள்ளி எழுந்தார். சலாம் போட்டார். திறந்தார். சத்தம் கேட்டு நஞ்சுண்டன் புல்லட்டில் வந்து இறங்கி, "எவண்டா அவன்" என்று தொடங்கியவர், தொப்பியைப் பார்த்தார். இரண்டு கையும் நெஞ்சுக்கு நேராக ஏறிக் குவிந்தன. ஆம்புலன்ஸ் உள்ளே போய், இனியாவை ஏற்றிக்கொண்டு, அவர் கூப்பிய கைக்கு முன்னாலேயே வெளியே போயிற்று. வலிக்கு நடுவிலும் புருஷனுடைய கோலத்தைப் பார்த்து இனியா சிரித்தாள். பெருந்துறையில் பெண் குழந்தை பிறந்தது. ஜெரோம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதான்.

நஞ்சுண்டன் கௌரவமானவர். துரையை மறித்தான் என்ற கெட்ட பெயர் குடும்பத்துக்கு வரக்கூடாது, காலனிக்காரனுக்கு வழி விட்டான் என்ற பெயரும் வரக்கூடாது. இரண்டையும் நிறுத்துப் பார்த்து மாசாணத்துக்கு நிலையாணை போட்டார்: "தொப்பி போட்டுட்டு வந்தா தொற. இல்லாட்டித் தொறக்காத."

அன்றுமுதல் தொப்பி கதவோரத்து வேப்பமரத்து ஆணியில் தொங்கியது. வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஆறு பேர், ஒருத்தி போனதும் தொப்பியைக் கதவுக்கு மேலாக வீச, அடுத்தவள் பிடித்துப் போட்டுக்கொண்டாள். ஆறு பேருக்கும் மாசாணம் ஆறு சலாம் போட்டார். பூவாத்தாள் தலையில் தொப்பியும் கையில் குச்சியுமாக ஆடு ஓட்டிப் போனாள். ஆட்டுக்குத் தொப்பி வேண்டாமா என்று மாசாணம் ஒரு நாள் சந்தேகம் கேட்டதற்கு, துரையோடு வருகிற உருப்படி துரையைச் சேர்ந்தது என்று நஞ்சுண்டன் தெளிவுரை வழங்கினார்.

தொப்பிக்கு நெரிசல் வந்தது. ஒழுங்குபடுத்தப் பூவாத்தாள் மரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பிறகு டோக்கன் கொடுத்தாள். பிறகு சாப்பாட்டு நேரம் வைத்தாள். "அத்தை, நாலு பேரு நிக்கறாங்களே" என்று ஜெரோம் சொன்னால், "நிக்கட்டும் மாப்ளே, நானு நின்னதில்லையா?" என்றாள்.

தடம் திறந்திருப்பதாக அறிக்கை அனுப்பிவிட்ட கௌதமன், அதன் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஜீப்பில் வந்தார். மாசாணம் கதவைத் திறக்கவில்லை.

"நான் சப் கலெக்டர்" என்றார் கௌதமன்.

"இருக்கலாமுங்க. தொப்பி எங்கீங்க?"

கௌதமன் மரத்தடிக்கு வந்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பூவாத்தாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவசரமா ஒரு அஞ்சு நிமிஷம் தொப்பி வேணும்மா."

"அல்லாருக்குந்தேன் அவசரம் கண்ணு. ஒரு மனு எழுதிக் குடுத்துப்போட்டு அந்தாண்ட வரிசையில நில்லுங்க. ஆவன செய்யறோம்."

வெயிலில் நின்றபோதுதான் கௌதமனுக்கு ஜனங்களின் கஷ்டம் முழுமையாகப் புரிந்தது. கண் கலங்கியது. ஊர் முழுக்க ஒரு தொப்பி என்றால் எப்படிப் போதும்? திரும்பிப் போனதும் முதல் வேலையாகத் திட்டம் தீட்டினார். 'இல்லந்தோறும் தொப்பி' என்று பெயர். நார் மில்லில் தயாரித்து, கம்பு பிஸ்கட்டோடு சேர்த்து, கோட்டம் முழுவதும் ஆளுக்கொன்று வழங்கினார்கள். பெரியவர்களுக்குப் பெரியது, குழந்தைகளுக்குச் சிறியது. வழங்கும் விழாவில் ஜெரோமின் பெண் குழந்தைக்குக் கௌதமனே தன் கையால் போட்டுவிட்டார். பந்தல் கைதட்டியது. ஜெரோமும் தட்டினான். உண்மையில் பிள்ளைக்கு அது அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை காலனி முழுக்கத் தொப்பியோடு கதவின் முன் வந்து நின்றது. ஊருக்குள் மேலத் தெருவிலிருந்தும் தொப்பியோடு வந்தார்கள். நஞ்சுண்டனும் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். மாசாணம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். அவர் தலையிலும் ஒன்று இருந்தது.

"எல்லாருமே தொரைன்னா நானு யாருக்குங்க சலாம் போடறது?" என்று வெகு நேரம் யோசித்தார். விடை கிடைக்காததால் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். ஜனங்கள் தொப்பி தண்ணீரில் விழாமல் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் சுற்றிப் போனார்கள்.

திங்கட்கிழமை வந்தது. ஜெரோம் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு வரிசையில் நின்று மனு எழுதினான். பூவாத்தாள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"தொப்பிக்கு ஒரு செவப்பு எறகு வேணுமுன்னு எழுதுங்க மாப்ளே. அப்பத்தான் அந்த மாசாணத்துக்கு வித்தியாசம் தெரியும்."

"எழுதிட்டேன் அத்தை."

"நம்ம காலனிக்கு மட்டுமுன்னு எழுதுங்க. மேலத் தெருவுக்கும் குடுத்துப்போட்டாங்கன்னா மறுக்கா இதே கூத்துத்தேன்."

ஜெரோமுக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. 'மட்டும்' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டான். அவர்களுக்குப் பின்னால் மேலத் தெருக்காரர்கள் நீல இறகு கேட்டு மனு வைத்திருந்தார்கள். அதற்கும் பின்னால் நஞ்சுண்டன், இரண்டு இறகு கேட்டு.

மேசை மணி அடித்தது. டபேதார் கதவைத் திறந்தார். வேலுமணி வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துக் கை உயர்த்தினார்.

"எறகு வேணுங்கறவிய எல்லாம் இந்தப் பக்கம் வாங்க, இன்னைக்கே மஞ்சூர் பண்ணிக் கையில குடுத்தர்றோம். தடம், தண்ணி, அது இதுன்னு கேக்கறவிய யாராச்சும் இருந்தாக் கையத் தூக்குங்க."

ஜெரோம் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் தூக்கவில்லை. அவன் தூக்கலாம் என்றுதான் நினைத்தான். ஒரு கையில் பிள்ளை இருந்தது. மறு கையில் மனு இருந்தது.